சும்மா என்றால் எது இல்லாமல்?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சும்மா" என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் 15 பொருள், வேறு எந்த மொழியிலாவது இப்படி உண்டா என்று கேட்டு, அமைதியாக, இலவசமாக, வீணாக, பொய்யாக, அடிக்கடி, விளையாட்டாக என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சும். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் காசு கொடுக்காமல் கறிவேப்பிலை வாங்குவதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? பட்டியல் அதைச் சொல்வதில்லை. வெளிநாட்டில் தமிழ் படிக்கிற ஒரு பிள்ளை அந்த 15ஐயும் மனப்பாடம் செய்தாலும், ஊருக்கு வந்த முதல் நாளே பட்டியலில் இல்லாத 16ஆவது சும்மாவைக் கேட்டு முழிக்கும்.

என் கட்சி இது: சும்மாவுக்கு 15 பொருள் கிடையாது, ஒன்றுதான். "இருக்கும் என்று எதிர்பார்த்த ஒன்று இல்லாமல்" என்பதுதான் அது. எது இல்லாமல் என்பதைச் சும்மா சொல்லாது. பக்கத்தில் நிற்கிற வினைச்சொல்லும், பேசுகிற இடமும், பேசுகிற ஆளும் சேர்ந்து சொல்லும். 15 என்று எண்ணியது அந்த இடங்களைத்தான்.

முதலில், இது என்ன வகைச் சொல்

சும்மா ஒரு வினையடை. "மெதுவாக வந்தான்", "வேகமாக வந்தான்" என்பதில் மெதுவாக, வேகமாக செய்கிற வேலையைத்தான் "சும்மா வந்தான்" என்பதில் சும்மா செய்கிறது. பன்மை கிடையாது. இந்தக் கட்டுரை மாதிரி சொல்லைப் பற்றியே பேசும்போது தவிர, வாக்கியத்துக்குள் சும்மாவை, சும்மாவால் என்று வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்த்தால் நாக்கே தடுக்கும். சில நேரம் பெயருக்கு முன்னாலும் வந்து நிற்கும், "சும்மா பேச்சு" என்கிற மாதிரி. அப்போது அது "வெறும்" என்பதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் வாலில் ஒட்டுகிற சின்ன ஒட்டுகள் இதற்கு ஏராளம். சும்மாவே, சும்மாவா, சும்மாத்தான், சும்மா சும்மா, பேச்சு வழக்கில் சும்மாங்காட்டியும். ஒவ்வொன்றும் அர்த்தத்தை ஒரு பக்கமாகத் திருப்பும், சிலவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடலாம். தலையில் குடமோ கூடையோ தூக்கும்போது துணியைச் சுருட்டி வைப்பார்களே, அந்தச் சும்மாடு இந்தக் குடும்பம் இல்லை. அது சுமை என்பதோடு சேர்ந்த சொல்.

எது இல்லாமல் என்று கேட்டுப் பாருங்கள்

எந்தச் சும்மாவைக் கேட்டாலும் உடனே "எது இல்லாமல்?" என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும்.

1. பேச்சு இல்லாமல். வகுப்பில் சத்தம் கூடினால் "எல்லாரும் சும்மா இருங்க". யாராவது நடுவில் புகுந்து பேசினால் "நீ சும்மா இரு". மௌனம் என்ற பொருள் நேரடியாகத் தெரிகிற இடம் இது.

2. அசைவோ வேலையோ இல்லாமல். "கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்று பையனிடம் சொல்லும்போது அவன் வாயைப் பற்றிப் பேச்சே இல்லை. "வண்டி மூணு மாசமா சும்மா நிக்குது", "அந்த நிலம் சும்மாதான் கிடக்குது" என்பதும் இதே வகை.

3. காரணம் இல்லாமல். "என்ன இந்தப் பக்கம்?" "சும்மாத்தான்." இந்தப் பதிலுக்குள் ஒரு கனிவு இருக்கிறது. வேலை ஏதாவது இருந்தால்தான் உன் வீட்டுக்கு வருவேன் என்றில்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லாமல் சொல்வது. இதே காரணமின்மை இரட்டித்தால் கனிவு போய்விடும். "சும்மா சும்மா போன் பண்ணாதே" என்றால் காரணம் இல்லாமல் ஒருமுறை, மறுபடி காரணம் இல்லாமல் ஒருமுறை, ஆக எரிச்சல். பட்டியல்காரர்கள் "அடிக்கடி" என்று ஒரு தனிப் பொருள் எழுதுவது இதைத்தான். அடிக்கடி என்பது இரட்டிப்பிலிருந்து வருகிறது, சும்மாவிலிருந்து இல்லை.

4. விலை இல்லாமல். காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா. இந்த இடத்தில் தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. அரசாணையிலும் கடைப் பலகையிலும் எழுதுவது இலவசம். வாங்குகிறவரைக் கொஞ்சம் மட்டம் தட்டுவது ஓசி. சும்மா இந்த இரண்டுக்கும் நடுவில், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் கூச்சம் இல்லாமல் நிற்கிறது. "சும்மா வெச்சுக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால் அதில் யாரும் தாழ்ந்துபோவதில்லை.

5. கூட வரவேண்டியது இல்லாமல். "இட்லியை ஏன் சும்மா சாப்பிடறே, சட்னி தொட்டுக்கோ." "பெரியவங்க வீட்டுக்குச் சும்மா போகக் கூடாது, பழம் வாங்கிக்க." முதலாவதில் சட்னி இல்லை, இரண்டாவதில் கையில் ஒன்றும் இல்லை. 15 பட்டியலில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை, ஆனால் வீட்டில் தினமும் கேட்கிற சும்மா இவைதான்.

6. உண்மையோ உள்நோக்கமோ இல்லாமல். "சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதே." சொன்ன சொல் இருக்கிறது, அதற்குள் இருக்க வேண்டிய கனம் இல்லை. விளையாட்டு, பொய், பாசாங்கு எல்லாம் இங்கே அடங்கும்.

7. விளைவு இல்லாமல். "பிடிச்சுட்டுப் போனாங்க, அப்புறம் சும்மா விட்டுட்டாங்க."

இந்த ஏழிலும் ஒரு விஷயம் பொது. இல்லாதது எதுவோ, அது அங்கே இருந்திருக்க வேண்டியது. நடுக்காட்டில் கிடக்கிற பாறையைப் பார்த்து யாரும் "சும்மா கிடக்குது" என்று சொல்வதில்லை. வீட்டு வாசலில் இறக்கிவைத்த கருங்கல்லைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அதை வைத்து ஏதோ கட்டுவதாக இருந்தது. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்ற பழமொழி ஏன் சங்கைப் பிடித்தது என்பதும் இதில் புரியும். சங்கு ஊதப்படுவதற்கென்றே இருப்பது. அது சத்தம் இல்லாமல், அசைவு இல்லாமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது. மூன்று சும்மாவும் ஒரே சங்குக்குள்.

மௌனமும் வெறுமையும் ஏன் சேர்ந்தே வருகின்றன

பேச்சின்மையும் பயனின்மையும் ஒரே சொல்லில் இருப்பது தற்செயலா என்று சந்தேகம் வரலாம். பழந்தமிழில் "வாளா" என்றொரு சொல் உண்டு. அதற்கும் மௌனமாக என்ற பொருளும் வீணாக என்ற பொருளும் சேர்ந்தே இருந்தன. "வாளா இருந்தான்" என்றால் பேசாமல் இருந்தான். "வாளா கழிந்தது" என்றால் வீணே கழிந்தது. இலக்கண உரையாசிரியர்கள் "வாளா கூறினார்" என்று எழுதுவார்கள். அங்கே அர்த்தம், கூடுதலாக எந்த அடையும் விளக்கமும் போடாமல் பொதுவாகச் சொன்னார் என்பது. இன்றைய பேச்சில் "சும்மா சொல்லிட்டுப் போயிட்டார்" என்றால் கிட்டத்தட்ட அதுதான். வாளா வழக்கொழிந்தது, அதன் இடத்தில் சும்மா உட்கார்ந்தது, ஆனால் இரண்டு பொருளின் கூட்டு கலையவே இல்லை.

பக்கத்து மொழிகளுக்குப் போனாலும் இதே கூட்டுத்தான். கன்னடத்தில் "சும்மனே இரு" என்றால் பேசாமல் இரு, "சும்மனே பந்தே" என்றால் காரணம் இல்லாமல் வந்தேன். மலையாளத்தில் "சும்மா" அப்படியே இருக்கிறது. இன்னும் வியப்பானது மலாய். அங்கே "ச்சுமா" என்றால் "மட்டும்", "வெறுமனே". தமிழிலிருந்து கடல் தாண்டிப் போன சொற்களின் வரிசையில் இதையும் வைப்பதுண்டு. அதிலிருந்து வந்த "பெர்ச்சுமா" மலேசியக் கடைகளில் இலவசம் என்று எழுதித் தொங்குகிறது. இந்தோனேசியாவிலோ அதே சொல்லுக்கு வீண், பயனில்லை என்று பொருள். விலையில்லாததும் பயனில்லாததும் அங்கேயும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இலங்கையில் தமிழர்களுக்குப் பக்கத்திலேயே சிங்களத்தில் "நிக்கங்" இருக்கிறது, நம் சும்மா போகிற இடத்துக்கெல்லாம் பெரும்பாலும் அதுவும் போகும்.

ஆகவே "வேறு எந்த மொழியிலாவது உண்டா" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், உண்டு என்பதே. அதனால் சும்மாவின் மதிப்பு குறையாது.

எதிர்மறை வந்து சேரும்போது

சும்மாவே ஒரு இல்லாமை. அதன்மேல் இன்னொரு "இல்லை" ஏறினால் என்ன ஆகும்? இல்லாதது பலமடங்காகத் திரும்பி வரும்.

"நான் சும்மா இருக்க மாட்டேன்" என்பது எச்சரிக்கை. "உன்னைச் சும்மா விட மாட்டேன்" என்பது மிரட்டல். இரண்டிலும் என்ன செய்யப்போகிறேன் என்ற விவரமே இல்லை, அதனால்தான் கேட்பவருக்குப் பயம் கூடுகிறது. காவல் நிலையத்திலிருந்து குழாயடிச் சண்டை வரை இந்த வாக்கியம் எடுபடுவதன் ரகசியம் இதுதான், எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

கேள்வி வடிவத்திலும் இதே வேலை நடக்கிறது. "அஞ்சு ஏக்கர்னா சும்மாவா?" "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" இங்கே -ஆ என்ற ஓரெழுத்து, சும்மா இல்லை என்ற பதிலைக் கேட்பவர் வாயிலிருந்தே வரவைக்கிறது. "ஆள் சும்மா இல்லை" என்றால் அவரிடம் சரக்கு இருக்கிறது. அப்புறம் "சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் சமைச்சிருக்கா" என்பது. தமிழ் தெரியாதவருக்குச் சொல் சொல்லாகப் பெயர்த்துக் கொடுத்தால் சமையலைத் திட்டுவது போலவே இருக்கும். உண்மையில் அது மனமார்ந்த பாராட்டு. உள்ளதை மறைத்துப் பொய்யாகப் பேசக் கூடாது, நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம்.

"சும்மாவே" கொஞ்சம் வேறு மாதிரி. "சும்மாவே அவன் ஆடுவான், இப்ப மாமனார் வண்டி வேற வாங்கிக் கொடுத்துட்டார்." எந்தத் தூண்டுதலும் இல்லாத நிலையிலேயே இப்படி, இனி கேட்க வேண்டுமா என்று மேலே ஏற்றுவதற்கு ஒரு படிக்கட்டாக அது வருகிறது.

இந்த விளக்கத்துக்கு அடங்காதது போலத் தெரிகிற ஒன்று

"சும்மா பிச்சு உதறிட்டான்." "சும்மா கும்முனு இருக்கு." இங்கே எது இல்லாமல்? ஒன்றும் குறைவதாகத் தெரியவில்லை, எல்லாமே கூடுதலாக இருக்கிறது. சும்மா இங்கே "மிகவும்" என்ற இடத்தில் நிற்கிறது, இல்லாமை என்ற விளக்கம் இங்கே உடைகிறது என்று ஒருவர் வாதாடலாம்.

உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன். "மிகவும் பிச்சு உதறிட்டான்" என்று மாற்றிப் பாருங்கள், வாக்கியம் செத்துவிடும். ஆக சும்மா அங்கே மிகுதியைச் சொல்லவில்லை. மிகுதி "பிச்சு உதறிட்டான்" என்பதிலேயே இருக்கிறது, "கும்முனு" என்பதிலேயே இருக்கிறது. சும்மா சேர்ப்பது, அவன் அதைத் தடையில்லாமல், முக்கலும் முனகலும் இல்லாமல் செய்தான் என்பதை. பெரிய வேலை, ஆனால் படவேண்டிய சிரமம் காணவில்லை. அதனால்தான் இந்தச் சும்மா கஷ்டப்பட்டு முடித்த வேலைக்கு வருவதில்லை. "சும்மா உருண்டு புரண்டு கடன் வாங்கிக் கட்டினேன்" என்று யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள்.

சும்மா இரு: ஒரு கட்டளையின் இரண்டு வாழ்க்கை

இந்தச் சொல்லின் மிகச் சாதாரணமான பயன்பாடும் மிக உயர்ந்த பயன்பாடும் ஒரே இரண்டு சொற்கள்தான். கூடத்தில் ஓடுகிற பிள்ளையிடம் பாட்டி சொல்வதும் சும்மா இரு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதும் சும்மா இரு. கந்தர் அனுபூதியின் 12ஆம் பாட்டு:

செம்மான் மகளைத் திருடும் திருடன்
பெம்மான் முருகன் பிறவான் இறவான்
சும்மா இரு சொல்லற என்றலுமே
அம்மா பொருள் ஒன்றும் அறிந்திலனே

மூன்றாம் அடியை நிறுத்திப் படிக்க வேண்டும். "சும்மா இரு" என்றபின் "சொல் அற" என்று தனியாக ஒன்று இருக்கிறது. சும்மா என்பது பேச்சின்மை மட்டும் என்றால், சொல் அற என்பது கூறியது கூறல் ஆகிவிடும். நாலடிப் பாட்டில் அருணகிரி இடத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. ஆகவே இங்கே சும்மா இரு என்பதில் விழுவது வேறு ஏதோ ஒன்று, மனத்தின் ஓட்டம், நான் செய்கிறேன் என்ற எண்ணம். சொல் அறுவது அதோடு சேர்ந்து நடப்பது. "அம்மா பொருள்" என்பதை "அந்தப் பெரிய பொருள்" என்றும் படிக்கலாம், "அம்மா!" என்ற வியப்பாகவும் கேட்கலாம், இரண்டும் ஒத்துத்தான் போகின்றன.

இன்னொரு சான்றும் உண்டு. சும்மா இரு என்று கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. அவர் பாடியதில் நமக்குக் கிடைத்த திருப்புகழ் மட்டுமே 1,300 பாடல்களுக்கு மேல். கட்டளையை அவர் மீறிவிட்டார் என்று எந்த அடியாரும் சொன்னதில்லை. பாடிக்கொண்டே சும்மா இருக்க முடியும் என்று அந்த மரபு ஏற்றுக்கொள்கிறது.

18ஆம் நூற்றாண்டில் திருச்சியில் தாயுமானவருக்கும் மௌனகுருவிடமிருந்து கிடைத்த உபதேசம் இதே சும்மா இரு என்பதுதான் வழிவழியாக வரும் செய்தி. தாயுமானவர் இதன் கடினத்தை ஒரு பாட்டில் எடை போட்டுக் காட்டுகிறார். மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், நீர்மேல் நடக்கலாம், நெருப்பில் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்கிறார். ஒன்றும் செய்யாமல் இருப்பது எல்லாவற்றையும் செய்வதைவிடக் கடினம் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கை, சும்மா என்ற சொல்லைத் தவிர வேறு எதை வைத்தும் இவ்வளவு இறுக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. மௌனம் என்று போட்டிருந்தால் வாய் மட்டும் வந்திருக்கும். அமைதி என்று போட்டிருந்தால் அது ஒரு சுகமான நிலையாகிவிடும், "திறம்" என்று அதைச் சொல்ல முடியாது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950இல் மறையும்வரை அங்கேயே இருந்த ரமணரும் இதே இரண்டு சொற்களைத்தான் உபதேசமாக எடுத்துக்கொண்டார், அது சோம்பல் இல்லை என்பதையும் சொன்னார்.

சொற்பொழிவுகளில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு கோயிலில் "சும்மா இருக்கும் சாமியாருக்கு ஒரு பட்டைச் சோறு" என்று கணக்கில் எழுதியிருந்ததாம். புதிதாக வந்த அதிகாரி, சும்மா இருப்பவருக்கு எதற்குச் சோறு என்று கோபப்பட்டு, தானே ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்த்தாராம். ஈ வந்தது, கால் மரத்தது, நினைப்பு எங்கெங்கோ ஓடியது. மறுநாள் சாமியாருக்கு இரண்டு பட்டைச் சோறு என்று திருத்தி எழுதினாராம். கதையின் விசை முழுவதும் அதிகாரி நம் வரிசையின் இரண்டாவது சும்மாவை, வேலை இல்லாமல் என்பதைப் படித்தார், கணக்கு எழுதியவர் வேறொரு சும்மாவை எழுதியிருந்தார் என்பதில் இருக்கிறது.

"வீட்டுல சும்மாதான் இருக்கா"

இப்போது இந்த விளக்கத்தால் என்ன பயன் என்ற இடத்துக்கு வரலாம். "உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?" "வீட்டுல சும்மாதான் இருக்கா." அதே பெண்ணைக் கேட்டாலும் பல நேரம் அதையே சொல்வார், "நான் சும்மாதாங்க இருக்கேன்". இங்கே எது இல்லாமல் என்று கேட்டால் முதலில் வாய்க்கு வருகிற பதில் வேலை இல்லாமல் என்பது. அந்தப் பதில் பொய்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், சொந்த வீட்டுக்காகச் சம்பளமில்லா வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்திருக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கைவைத்தவர்களுக்கான சராசரி மட்டும். பெண்களில் 81.2 சதவீதம் பேர் அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

ஆக இந்தச் சும்மாவில் இல்லாமல் போனது வேலை இல்லை, கூலி. நம் வரிசையில் இது இரண்டாவது இல்லை, நாலாவது. விலை இல்லாமல் செய்வதை வேலை இல்லாமல் இருப்பதாகக் கேட்டுப் பழகிவிட்டோம். எது இல்லாமல் என்பதை வெளிப்படையாகச் சொல்லாத சொல் என்பதால்தான் இந்த இடமாற்றம் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. "சம்பளம் இல்லாம வேலை பார்க்கிறா" என்று யாராவது சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும், சும்மா என்றதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் "மகளிர் உரிமைத் தொகை" என்று வைத்ததில் இந்தக் குழப்பத்துக்கான ஒரு பதில் இருக்கிறது. வீட்டு வேலைக்கான அங்கீகாரம் என்றே அரசு அதைச் சொன்னது. தொகை போதுமா, யாருக்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பது தனி விவாதம். ஆனால் "அரசாங்கம் சும்மா பணம் கொடுக்குது" என்று டீக்கடையில் சொல்பவர், வீட்டில் சும்மா இருப்பவளுக்குச் சும்மா கொடுக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் இரண்டு சும்மாவைச் சொல்லிவிடுகிறார், இரண்டிலும் எது இல்லாமல் என்று கேட்காமலே.

அரசாங்கத்தின் மாதிரிக் கணக்கெடுப்புகளிலும் ஆளின் நிலையைக் குறிக்க எண்கள் உண்டு. இப்படி வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அங்கே 92. அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் விளக்கத்தைத் தமிழில் சொன்னால் "வீட்டுக் கடமைகளை மட்டும் செய்தார்". அந்த "மட்டும்" என்ற சொல்லைத்தான் மலாய்க்காரர்கள் ச்சுமா என்கிறார்கள்.